சொந்த ஊரில் ஒரு பயணியாக: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் நீண்ட தனிப்பயணங்களைப் பற்றி எழுதியபோது, போகும் வழியில் சொந்த ஊர் குறுக்கிட்டால் அதையும் மற்ற ஊர்களைப் போலவே தங்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வேலையிலிருந்து விலகி, சில மாதங்களாகத் தனியாகப் பயணம் செய்துவருகிறேன். அடுத்த கட்டப் பயணம் நான் பிறந்து வளர்ந்த நகரத்தின் வழியாகப் போகிறது. அத்தனை காலம் வாழ்ந்த ஊரில் சுற்றுலாப் பயணியாகப் பார்ப்பதற்கு எனக்கு என்ன மிச்சம் இருக்கப்போகிறது? அங்கே இறங்கினால் பயணம் பாதியில் அறுந்துபோகாதா?

பதில்: தயங்காமல் இறங்குங்கள். ஓர் ஊரில் நெடுங்காலம் வாழ்ந்திருப்பதற்கும் அந்த ஊரைப் பார்த்திருப்பதற்கும் இடையே நாம் நினைப்பதைவிடப் பெரிய தூரம் இருக்கிறது. ரேமண்ட் நிக்கர்சன், மர்லின் ஆடம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1979-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கர்கள் அன்றாடம் புழங்கும் ஒரு சென்ட் நாணயத்தின் முகப்பைச் சரியாக ஒன்றும் பிழையாகப் பதினான்குமாக வரைந்து, எது உண்மையான நாணயம் என்று அதில் கேட்டிருந்தார்கள். சரியான படத்தைக் காட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. அவர்கள் கவனமற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. காசைச் செலவழிக்க அதன் நிறமும் அளவும் தெரிந்தால் போதும் என்பதால், மற்றவற்றைப் பதிந்துவைக்கும் வேலையை மனம் ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்குப் போன தெருவும் நமக்கு அப்படித்தான். எந்த முனையில் திரும்புவது, மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும் என்பவை நமக்குத் தெரியும். அந்த முனையில் நிற்கும் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை, எனவே தெரியாது.

வேறொரு சான்றும் சொல்லலாம். லண்டனின் கறுப்பு டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற வேண்டுமானால், நகர மையத்தில் இருக்கும் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தொலைவுக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களையும் 320 வழித்தடங்களையும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு இந்தப் படிப்பு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கிறது. ஸ்கூட்டரில் தெருத்தெருவாகச் சுற்றிப் படிக்கிறார்கள். லண்டனிலேயே பிறந்தவர் என்பதற்காக எவருக்கும் விலக்குக் கிடைப்பதில்லை. எலினார் மக்வைர் தலைமையிலான ஆய்வுக்குழு 2000-இல், இந்த ஓட்டுநர்களின் மூளையில் இடநினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதாகக் கண்டறிந்தது. பிறந்த ஊரையும் உட்கார்ந்து படித்தால்தான் தெரியும் என்பதை இதைவிட அழுத்தமாக எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பயணம் அறுந்துபோகும் என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். சில மாதங்களாக ஒவ்வொரு புதிய ஊரிலும் பெயர்ப்பலகைகளைப் படித்து, பேருந்து எண்களைக் குறித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் கண்ணும் காதும் இப்போது நன்றாகப் பழகியிருக்கின்றன. அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பியதும் இந்தக் கூர்மை விரைவில் மழுங்கிவிடும். அது இருக்கும்போதே சொந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் வாதம். அதனால்தான் பயணத்தின் நடுவே அந்த ஊர் வருவதை நல்வாய்ப்பு என்கிறேன். கடைசியில் வந்தால் மனம் அதற்குள் கணக்குவழக்கிலும் அடுத்த வேலையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றை மட்டும் உறுதியாகச் செய்யுங்கள்: ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போகும் பயணச்சீட்டை வாங்கிவிடுங்கள். கிளம்பும் நாள் நிச்சயமாகத் தெரிந்திருக்கும்வரை நீங்கள் பயணிதான், உங்களைச் சுற்றி இருப்பவர்களும் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: என் பெற்றோர் இன்னமும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். வீடு இருக்கும்போது விடுதியில் அறை எடுத்தால் அவர்கள் மனம் நோகும். சொல்லாமலே வந்து பார்த்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். சொந்த ஊரில் மறைந்து திரிவது நடக்கிற காரியமும் இல்லை, நியாயமும் இல்லை. யாரோ ஒருவர் பார்த்துப் பெற்றோரிடம் சொல்லிவிட்டால், அந்தக் காயத்தை எந்த விளக்கமும் ஆற்றாது. சில வாரங்களுக்கு முன்பே தொலைபேசியில் பேசி, முதல் மூன்று நாள் ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்காக வெளியில் தங்கப்போவதையும், அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து அவர்களோடு இருக்கப்போவதையும் தேதியோடு சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் வீட்டில் இருப்பீர்கள் என்பது தெளிவாகத் தெரிந்தால், தங்கும் இடத்தைப் பற்றிய மனத்தாங்கல் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குள் காலடி வைத்ததும் உங்கள் நேரம் உங்களுடையதாக இராது. வேளாவேளைக்குச் சாப்பாடு, பார்க்க வரும் உறவினர்கள், நீங்கள் வந்தால் பழுது பார்த்துத் தருவீர்கள் என்று எடுத்துவைத்திருக்கும் கைப்பேசி என்று நாள் ஓடிவிடும். அது அன்பின் இயல்பு, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அங்கே நீங்கள் மகள், பயணி அல்ல. விடுதியிலிருந்து வீட்டுக்குப் போவது எளிது, வீட்டிலிருந்து விடுதிக்குக் கிளம்புவது யாராலும் ஆகாது. அறையையும் நீங்கள் ஒருபோதும் வசித்திராத பகுதியில் எடுங்கள். காலையில் வாசலைத் தாண்டியதும் பழக்கத்தில் திரும்பும் கால்களுக்கு அங்கே திரும்பப் பழகிய தெரு இருக்காது.

வீட்டில் இருக்கும் நாட்களில் ஒன்றைப் பெற்றோருடைய சுற்றுலாவாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். அவர்களில் ஒருவராவது வேறோர் ஊரிலிருந்து அங்கே குடிவந்தவராக இருக்கக்கூடும். முதன்முதலில் இந்த ஊரில் எங்கே இறங்கினீர்கள், யார் அழைத்துப்போக வந்தார்கள், முதல் வாடகை வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டு, அந்த இடங்களுக்கே நடந்து போய்ப் பாருங்கள். நீங்கள் பிறப்பதற்கு முந்தைய அந்த ஊரை உங்களுக்குக் காட்ட அவர்களைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

கேள்வி: எங்கள் ஊரில் பார்க்க வேண்டியவை என்று பட்டியலிடப்படும் எல்லா இடங்களுக்கும் பள்ளிச் சுற்றுலாவிலேயே போயிருக்கிறேன். தெருக்கள் எல்லாம் அத்துப்படி. புதிதாகப் பார்ப்பது எப்படி என்று செயல்முறையாகச் சொல்ல முடியுமா?

பதில்: ஊருக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, ரயிலில் உட்கார்ந்தபடி செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நகரத் திட்டமிடல் அறிஞரான கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களின் மக்களைச் சந்தித்து ஆராய்ந்த முடிவுகளை 1960-இல் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எளியது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு விவரிப்பதுபோல நகரத்தின் வரைபடத்தை விறுவிறுவென்று நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். மக்கள் தங்கள் ஊரைப் பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்ற ஐந்து கூறுகளாக மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. நீங்களும் ஒரு தாளை எடுத்து, கைப்பேசியைப் பார்க்காமல், உங்கள் ஊரை வரையுங்கள். வீட்டைச் சுற்றி நெருக்கமாகக் கோடுகள் விழும். பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் போகும் வழி நீளும். அதற்கப்பால் தாள் வெறுமையாக இருக்கும். ஆற்றுக்கோ ரயில் பாதைக்கோ மறுபுறம் பெரும்பாலும் ஒன்றுமே இராது. பிறகு அச்சிட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தாளில் வெறுமையாக இருக்கும் இடங்கள்தான் நீங்கள் போக வேண்டிய இடங்கள். எந்தக் கையேட்டின் பட்டியலையும்விட இது உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் உங்கள் அறியாமையின் அளவுக்கு வெட்டித் தைத்தது இது ஒன்றுதான்.

தெரிந்த தெருக்களைப் பொறுத்தவரை, தலையை நிமிர்த்தி முதல் மாடிக்கு மேலே பார்த்தபடி மெதுவாக நடக்கச் சொல்வேன். தரைத்தளம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. கடை கைமாறும், பலகை மாறும், கண்ணாடி வரும், இரும்புக் கதவு வரும். மேல்தளத்தைச் செலவழித்து மாற்ற யாரும் அவ்வளவாக முன்வருவதில்லை என்பதால் பழைய ஊர் அங்கேயே ஒதுங்கி நிற்கிறது. விளம்பரப் பலகையின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, சுண்ணாம்புப் பூச்சில் கட்டிய ஆண்டைப் புடைப்பாக எழுதியிருப்பார்கள், அதில் ஓர் எண் உதிர்ந்திருக்கும். வரிசையாக நான்கு சன்னல்கள் இருக்கும் சுவரில் ஒன்று மட்டும் செங்கல்லால் அடைக்கப்பட்டு, வளைவு மட்டும் வெளியே தெரியும். அடைத்த செங்கல்லின் நிறம் வேறாக இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே ஒரு சொத்து இரண்டாகப் பிரிந்ததா, அறை கிடங்காக மாறியதா என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்கத் தோன்றிய நிமிடமே கீழே இருக்கும் கடைக்காரரிடம் போய்க் கேட்டுவிடுங்கள். உள்ளூர்க்காரராக இருந்தபோது கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளைக் கேட்கும் உரிமையைப் பயணி என்ற நிலை உங்களுக்குத் தருகிறது. இந்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வசதியும் அதுதான்.

ஏதாவது ஒரு பேருந்தில் ஏறி, தொடக்க நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம்வரை போய்வருவதும் நல்லது. வாழ்நாள் முழுவதும் ஒரு வழித்தடத்தின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தியவர்கள், அதன் முகப்பில் எழுதியிருக்கும் கடைசி ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை.

ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்வதும் ஒரு முறை. பாரிஸில் பிறந்த எழுத்தாளர் ஜார்ஜ் பெரெக், 1974 அக்டோபரில் அதே நகரத்தின் செயின்ட் சுல்பிஸ் சதுக்கத்தில் மூன்று நாட்கள் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் குறித்தார். அங்கிருக்கும் புகழ்பெற்ற தேவாலயத்தையும் நீரூற்றையும் பற்றி மற்றவர்கள் ஏற்கெனவே எழுதிவிட்டதால், எஞ்சியவற்றையே அவர் எழுத விரும்பினார். கடந்துபோன பேருந்துகளின் எண்கள், புறாக்கள், கையில் பை வைத்திருந்தவர்கள் என்று அவர் குறிப்பு போகிறது. நீங்கள் மூன்று நாள் உட்கார வேண்டாம். தினமும் கடந்துபோன ஒரு சந்திப்பில், ஒருமுறைகூட உட்கார்ந்திராத பக்கத்தில், ஒரு மணி நேரம் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். முதல் கால்மணி நேரம் எழுத ஒன்றுமில்லை என்று தோன்றும். எழுந்துவிடாமல் இருந்தால் அதற்குப் பிறகு கை ஓயாது.

கேள்வி: கழுத்தில் கேமராவும் முதுகில் பையுமாகத் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் வெட்கமாக இருக்குமே? தனியாகப் பயணம் செய்யும் பெண் என்பதால், சொந்த ஊரில் பாதுகாப்பைப் பற்றி அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். சரிதானா?

பதில்: வெட்கத்துக்கு மருந்து உண்மையைச் சொல்லிவிடுவதுதான். ஊரைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். எதிரில் நிற்பவர் அரை நிமிடம் வியந்துவிட்டு, இதைப் பார்த்தாயா, அங்கே போனாயா என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியில் உங்களோடு நான் உடன்படவில்லை. உங்களுக்குத் தெரிந்தது நீங்கள் விட்டுச்சென்ற ஊர். ஆள்நடமாட்டம் இருந்த சாலை இன்று மேம்பாலத்துக்குக் கீழே வெறிச்சோடிக் கிடக்கலாம், இரவு பத்து மணிவரை ஓடிய பேருந்து எட்டு மணியோடு நின்றுபோயிருக்கலாம். வேற்றூரில் எடுத்துக்கொள்ளும் எல்லா முன்னெச்சரிக்கைகளையும் இங்கேயும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்று போகும் இடங்களை ஒருவரிடம் சொல்லிவையுங்கள், கடைசிப் பேருந்தின் நேரத்தைப் புதிதாக விசாரியுங்கள்.

கேள்வி: சொந்த ஊரில் வழிகாட்டியோடு நடைச்சுற்றுலா போவது வீண் செலவு இல்லையா?

பதில்: இல்லை. உங்கள் ஊரை அந்நியருக்கு எப்படிச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கேட்பதற்காகவாவது ஒருமுறை போக வேண்டும். விட்டுப்போனவற்றை உங்களால்தான் கண்டுகொள்ள முடியும். காசு இல்லாமலும் வழி உண்டு. நகரங்களைப் பற்றிச் சிந்தித்தவரான ஜேன் ஜேக்கப்ஸ் 2006-இல் மறைந்த பிறகு, அவர் வாழ்ந்த டொரான்டோவில் 2007-இல் நண்பர்கள் அவர் பெயரில் நடைகளைத் தொடங்கினார்கள். இன்று உலகின் பல நகரங்களில், அவர் பிறந்த நாளான மே 4-ஐ ஒட்டி, அந்தந்த வட்டாரத்தில் வாழ்பவர்களே நடத்தும் இலவச நடைகளாக இவை நிகழ்கின்றன. உள்ளூர்வாசிகள் தன்னார்வமாக விருந்தினரை ஊர்சுற்றிக் காட்டும் ‘கிரீட்டர்’ முறை 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. வழக்கமாக மூடியிருக்கும் கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ‘ஓபன் ஹவுஸ்’ நிகழ்ச்சியும் அதே 1992-இல் லண்டனில் தொடங்கியதுதான். தேதியைக் கொஞ்சம் முன்பின் நகர்த்த முடியுமானால், மரபுச் சின்னங்களுக்கான உலக நாளான ஏப்ரல் 18-ஐயோ, 1977 முதல் அனைத்துலக அருங்காட்சியக நாளாகக் கொண்டாடப்படும் மே 18-ஐயோ ஒட்டி ஊரில் இருங்கள். அந்த நாட்களில் பல இடங்களில் சிறப்பு நிகழ்ச்சிகள் இருக்கும், சில இடங்களில் நுழைவுக் கட்டணமும் இராது.

கேள்வி: ஓய்வுபெற்ற பிறகு நீண்ட பயணம் ஒன்றைத் தனியாகத் தொடங்கியிருக்கிறேன். என் ஊரில் இப்போது எனக்கு யாரும் இல்லை. வீட்டை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். போனால் துக்கம்தான் மிஞ்சும் என்று தோன்றுகிறது, போகாமல் இருக்கவும் மனம் வரவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே கருதிய காலம் உண்டு. யோகான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர் 1688-இல் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில் அதன் அறிகுறிகளை விவரித்து, நோயாளியை ஊருக்கே அனுப்பிவைப்பதுதான் சிகிச்சை என்றார். நூறாண்டு கழித்து, 1798-இல், தத்துவவாதி இமானுவேல் கான்ட் அதற்கு மறுப்புபோல ஒன்றைச் சொன்னார்: ஏக்கத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் ஏமாற்றமடைகிறார்கள், அவர்கள் தேடியது ஊரை அல்ல, அங்கே கழித்த இளமையை. இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆகவே நினைவுக்கென்று ஒரு நாளைத் தனியே ஒதுக்குங்கள். வீடு இருந்த இடத்துக்கும் பள்ளிக்கும் மறைந்தவர்கள் உறங்கும் இடத்துக்கும் அன்றே போய்வாருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் போகாமல், அங்கே இப்போது வாழ்பவர்களின் ஊரைப் பாருங்கள். உங்கள் வீடு இருந்த இடத்தில் இன்று வேறொரு வீடோ கடையோ இருந்தால், உள்ளே இருப்பவர்களிடம் இங்கேதான் நான் வளர்ந்தேன் என்று சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். மனை எப்படிப் பிரிந்திருந்தது, மரம் எங்கே நின்றது என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்ல உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். யாருமே இல்லாத ஊர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பிழைக்க வந்தவர்களுக்கும் அப்படியொரு முதல்நாள் இருந்திருக்கும் என்பதால், உங்களை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: நீண்ட பயணத்துக்கு விடுமுறையும் இல்லை, வசதியும் இல்லை. சொந்த ஊரிலேயே ஒரு தனிப்பயணம் போவது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். பிரெஞ்சு மொழி எழுத்தாளர் சேவியர் தெ மெஸ்த்ர், 1790-இல் இருவர் சண்டையில் ஈடுபட்டதற்காக டூரின் நகரில் 42 நாட்கள் அறைக்காவலில் வைக்கப்பட்டபோது, தன் அறைக்குள்ளேயே ஒரு பயணம் போனதாக எழுதினார். ஆனால் அவருக்கு வெளியே போகும் கடமை எதுவும் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கும். ஆகவே தொடர்ச்சியாக இரண்டு நாளாவது கிடைக்கும்போது, ஓர் இரவை வீட்டுக்கு வெளியே கழிப்பது என்ற ஒரே நிபந்தனையோடு செய்யுங்கள். இரவு வீட்டுக்குத் திரும்பினால் அது நடைப்பயிற்சியாக முடிந்துவிடும்.

கேள்வி: இப்படிச் சேகரித்த குறிப்புகளையும் படங்களையும் பிறகு என்ன செய்வது?

பதில்: ஊரை விட்டுக் கிளம்பிய அன்றே, அடுத்த ஊருக்குப் போகும் வண்டியிலேயே, ஒவ்வொரு படத்துக்கும் இடம், தேதி, யார் சொன்ன தகவல் என்பவற்றை எழுதிவிடுங்கள். அடுத்த ஊரில் இறங்கிய பிறகு நேரம் கிடைக்காது. பெரியவர்கள் பேசியதைப் பதிவு செய்திருந்தால், அவர்கள் அனுமதி தந்தார்களா, எதுவரை தந்தார்கள் என்பதையும் அதே இடத்தில் குறியுங்கள். பெயர் தெரியாத சந்துகள், மூடிப்போன நூலகங்கள், இடம் மாறிய நிறுத்தங்கள் போன்றவற்றை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்திவிடலாம். 2004-இல் தொடங்கிய அந்த வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம், நேரில் பார்த்து உறுதி செய்தவற்றை மட்டும் சேர்த்தால் போதும். நினைவிலிருந்து வரைந்த அந்தத் தாளிலும் வெறுமையாக இருந்த இடங்களை நிரப்பி வையுங்கள். நிரம்பாமல் எஞ்சும் பகுதியை, அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது எங்கே அறை எடுப்பது என்று முடிவு செய்யப் பயன்படுத்திக்கொள்ளலாம்.